காலநிலை–நலவாழ்வு ஆய்வில் விதைநிதி: பயனும் குறையும்

இன்னும் முழு உருப்பெறாத ஓர் ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் தன் கையிருப்பிலிருந்தோ நன்கொடைப் பணத்திலிருந்தோ ஓரிரு ஆண்டுகளுக்கு வழங்கும் தொடக்கத் தொகையே விதைநிதி. காலநிலை மாற்றம் மனித உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராயும் துறை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த நிதியின் துணையோடுதான் வேர்பிடித்தது. ஸ்டான்ஃபோர்டின் வுட்ஸ் சுற்றுச்சூழல் நிறுவனம் 2004 முதலே பல துறையினர் சேர்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு இத்தகைய நிதி தருகிறது. ஹார்வர்டின் அன்றைய தலைவர் ட்ரூ ஃபௌஸ்ட், 2 கோடி டாலர் இலக்குடன் காலநிலைத் தீர்வு நிதியத்தை 2014இல் அறிவித்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாநில அரசு ஒதுக்கிய பணத்திலிருந்து 2023இல் 38 காலநிலைத் திட்டங்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல் பகிர்ந்தளித்தது. திட்டத்துக்குச் சராசரியாக 20 லட்சம் டாலர் கிடைக்கும் இந்த ஏற்பாட்டைப் பெயரளவில் மட்டுமே விதைநிதி எனலாம்.

இப்படியொரு நிதி தேவைப்படுவதற்கான காரணம் துறையின் இயல்பிலேயே இருக்கிறது. வெப்பநிலைக் கணக்கு வானிலைத் துறையிடம் இருக்கிறது; இறப்புப் பதிவேடு மாநகராட்சியிடம்; நோயாளியின் கோப்பு மருத்துவமனையிடம். கூரையையும் தெரு நிழலையும் பற்றிப் பேச வேண்டியவர் நகரமைப்பாளர். இவர்கள் ஒன்றாக உட்காரும் வழக்கம் எந்த வளாகத்திலும் தானாக உண்டாவதில்லை. பெரிய நிதி அமைப்புகளோ, கூட்டணியும் முன்னோட்டத் தரவும் கையிலிருந்தால்தான் விண்ணப்பத்தைப் பொருட்படுத்துகின்றன. பணம் இல்லாமல் தரவு இல்லை, தரவு இல்லாமல் பணம் இல்லை என்ற இந்த முட்டுக்கட்டையை விதைநிதி உடைக்கிறது. அதன் முதன்மையான பயன் இதுவே.

சிறிய ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அகமதாபாத் நல்ல சான்று. 2010 மே மாத வெப்ப அலையில் அந்நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்பது, இறப்பு எண்ணிக்கையை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வில் தெரியவந்தது. நகரின் மருத்துவமனையொன்றில் அந்தக் கோடையிலும் அதற்கு முன்னும் பின்னுமான கோடைகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் பதிவேட்டை ஆய்வாளர்கள் தனியே புரட்டினார்கள். வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் வெப்பத்தால் நேரும் சேர்க்கை 43 விழுக்காடு கூடியிருந்தது. பேறுகாலப் பிரிவு மேல்தளத்திலிருந்து கீழே மாற்றப்பட்டபின் அத்தகைய சேர்க்கை பெருமளவு குறைந்ததும் அதே ஆய்வில் புலப்பட்டது. வெயிலில் காயும் மொட்டை மாடிக்கு நேர் கீழே பிரசவ வார்டு இருக்கலாகாது என்ற முடிவுக்கு ஒரு பதிவேடும் ஒரு வெப்பமானிக் கணக்கும் போதுமாயிருந்தன. மாநகராட்சி 2013இல் கொண்டுவந்த வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் தெற்காசியாவில் முதலாவது. காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினரும் மாநகராட்சி அதிகாரிகளும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து உழைத்ததன் பலன் அது. விதைநிதிக்கு மிகவும் பொருந்துவன, ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைக் கொண்டு விடைகாணத்தக்க இத்தகைய கேள்விகளே.

எல்லாக் கேள்விகளும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தமிழகத்தில் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளிடம் வெப்பத்தின் பாதிப்பை அறிய, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை 800 பெண்களைத் தொடர்ந்து கவனித்தனர். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இந்த உண்மையை ஓராண்டு நிதியில் எட்டியிருக்க முடியாது. உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகம் வெயிலில் மெல்ல மெல்லப் பழுதாவதும் ஒரு கோடையில் தெரிந்துவிடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மருத்துவமனையின் இசைவும் வந்து சேர்வதற்குள் நிதியாண்டில் பாதி ஓடிவிடும். அளக்க வேண்டிய கோடையும் போய்விடும். பிறகு ஆய்வாளர் கையில் கிடைப்பதை வைத்து ஒரு கட்டுரை எழுதி முடிக்கிறார். விதைநிதியின் பெருங்குறை தொகைச் சிறுமையைவிடக் காலக் குறுக்கமே.

அடுத்த குறை மதிப்பீட்டில் இருக்கிறது. தந்த ஒவ்வொரு டாலருக்கும் வெளியிலிருந்து இத்தனை டாலர் வந்தது என்று பல்கலைக்கழகங்கள் கணக்குக் காட்டுகின்றன. தேர்வானவர்கள் இயல்பிலேயே திறமையும் தொடர்பும் உடையவர்கள். விதைநிதி இல்லாமலும் அவர்களில் பலர் அந்தப் பணத்தைப் பெற்றிருக்கலாம். நிதி மறுக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் ஒப்பிட்டால் ஒழிய அந்த எண் எதையும் நிறுவாது. ஈட்டிய பணத்தை அளவுகோலாக்கும்போது, வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதன் பயனைக் காட்டிய ஆய்வுக்கு மதிப்பெண் விழாமலே போகும். இதைச் சிறு குறையாகத் தள்ளிவிட முடியாது.

விண்ணப்பச் சுமையும் உண்டு. ஆஸ்திரேலியத் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012இல் வந்த 3,727 விண்ணப்பங்களைத் தயாரிக்க, ஆய்வாளர்களின் உழைப்பு மொத்தம் 550 ஆண்டுகள் செலவானதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அது பெருநிதி. சிறுதொகைக்கும் அதே பாணியில் படிவம் கேட்டால், தருவதைவிட வாங்குவது அதிகமாகிவிடும். இரண்டு பக்க விண்ணப்பமே போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத் தொகைக்குப் பொருள் தருவது அதற்கடுத்து வரும் பெருநிதி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், காலநிலை மாற்றத்தின் உடல்நல விளைவுகள் குறித்த ஆய்வுகளுக்கு இனி நிதியில்லை என்ற நிலைப்பாட்டை 2025இல் எடுத்தது. தன் காலநிலை–நலவாழ்வு முன்முயற்சியையும் கைவிட்டது. முன்னோட்டத் தரவோடு காத்திருந்த இளம் ஆய்வாளர்களுக்கு அடுத்த வாசல் அடைபட்டது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை இத்துறையைத் தன் முதன்மை இலக்குகளில் ஒன்றாக வைத்திருந்தாலும், ஓர் அறக்கட்டளையால் ஓர் அரசின் இடத்தை நிரப்பிவிட முடியாது. பெருநிதிக்கான படிக்கட்டாக மட்டும் வடிவமைக்கப்பட்ட விதைநிதி, மேல்தளம் இடிந்ததும் பயனற்றுப் போகிறது. தானாகவே ஒரு முடிவைத் தரும்படி வடிவமைத்தது மட்டுமே எஞ்சுகிறது.

ஆகவே விதைநிதி தொடர வேண்டும்; இன்றைய வடிவில் தொடர வேண்டியதில்லை. நிதிக்காலம் இரண்டு முழுக் கோடைகளை உள்ளடக்க வேண்டும். பதிவேடு தரும் மாநகராட்சிக்கும் மருத்துவமனைக்கும் தொகையில் பங்கும் ஆய்வுக்குழுவில் இடமும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் இருபது திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட, இரண்டையும் நிறைவேற்றும் ஐந்து திட்டங்களுக்குக் கொடுப்பதே முறை.