புறாத்தீவும் ஜாலிபாயும்

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையில் படகேறிச் சிறிது நேரத்தில் எட்டிவிடக்கூடிய புறாத்தீவிலே, கண்ணாடி முகமூடியையும் மூச்சுக்குழாயையும் வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்ட எவரும், மணலிலிருந்து நேரே நடந்து சென்று இடுப்பளவு நீரில் முகங்கவிழ்த்த மாத்திரத்தில், வண்ண மீன்கள் சஞ்சரிக்கும் பவளத் தோட்டத்தைத் தரிசித்துவிடலாம். அந்தச் சௌகரியமே அதற்குச் சத்துருவாகவும் வாய்த்தது. நீந்தத் தெரியாதவர் தடுமாறிக் கால் ஊன்றுகின்ற இடம் பல வேளைகளில் உயிருள்ள பவளத்தின் சிரசாகவே அமைந்துவிடுகிறது. உருண்டைப் பவளமோ வருஷம் முழுதும் முயன்றாலும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் ஜாதி. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கியும், கட்டணம் விதித்தும், இலங்கை அரசு கடைசியில் நம்பியிருப்பது வருகிறவனுடைய விவேகத்தையே.

பாரதத்தின் தென்கரையில் இதற்கு நேர்மாறான நியாயம் ஆளுகிறது. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி ஏற்றியதன் பலனாகத் தூத்துக்குடிப் பக்கத்தில் தீவே நீரில் அமிழ்ந்த அனுபவம் கண்ட கடல் இது; மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இறங்கச் சாமானியருக்கு அனுமதி இல்லை, கண்ணாடித் தளம் பொருத்திய படகில் அமர்ந்து குனிந்து பார்த்துத் திரும்புவதே விதி. தடையை நான் நிந்திக்கவில்லை. எனினும், எதிரே வளரும் பவளத்தைக் கரையோரத்துப் பிள்ளைகளே பாடப் புத்தகத்துச் சித்திரத்தில் மாத்திரம் அறிவது நெடுங்காலத்திற்கு நல்லதா என்பது வேறு கேள்வி. (மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் விதிவிலக்கு, அவர்களுக்குப் பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு பாட்டன் சொத்து.)

இரண்டுக்கும் நடுவழி அந்தமானில் இருக்கிறது. 1983இல் அமைந்த வண்டூர்ப் பூங்காவில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் என்னும் இரு தீவுகளையும் பருவம் மாற்றி ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். ஒன்றில் ஜனங்கள் நீந்தும்போது மற்றொன்று இளைப்பாறுகிறது, பிளாஸ்டிக் பைகளும் படகேறுவதில்லை. நிலாவெளியில் வாடைக்காற்று கடலைக் கலக்கும் மாதங்களில் இயற்கையே அத்தகைய ஓய்வைக் கொடுத்தாலும், கடல் தெளிந்ததும் கூட்டம் முழுதும் ஒரே கரையில் குவிவதைத் தடுக்க அது போதாது. ஆகவே புறாத்தீவின் கரைகளையாவது முறைவைத்து அடைப்பதும், நீந்தத் தெரியாதவரை மிதவைச் சட்டையின்றி நீரில் இறக்காதிருப்பதும், இலங்கை வனஜீவராசிகள் திணைக்களம் இனியும் தாமதிக்கலாகாத காரியங்கள்.