கோப்ரா நகலும் மரப் பலகை டாஷ்போர்டும்

கோப்ரா ரெப்ளிகா வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் உள்வேலைகளுக்கான வழிகாட்டிகளைச் சில நாட்களாக வாசித்துவருகிறேன். பெரும்பாலும் அமெரிக்கர்களும் இங்கிலாந்துக்காரர்களும் எழுதியவை. நல்ல கைகாரர்கள், உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேரேஜில் கிடைக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை டாஷ்போர்டில் மரப் பலகை ஒட்டுவதற்குத்தான் போகிறது.

மூல வண்டி எப்படி இருந்தது? 1962இல் கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் ஏசி நிறுவனம் செய்த ஏஸ் என்ற சின்னத் திறந்த காரில் ஃபோர்டு வி8 எஞ்சினை ஏற்றினார். அதுதான் கோப்ரா. உள்ளே கறுப்பு உறை போர்த்திய தட்டையான டாஷ்போர்டு, வட்ட மீட்டர்கள், இரண்டு இருக்கைகள், ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான், சொகுசு எதுவும் கிடையாது. வால்நட் பலகையும் குரோம் வளையங்களும் வைத்தால் அது கோப்ரா மாதிரியே இருக்காது, பழைய ஜாகுவார் மாதிரி இருக்கும். சரி, அவரவர் ரசனை என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம் வேறு: மூலத்தின் தோற்றத்தை நகல் எடுக்கும் ஆர்வத்தில், மூலத்தில் இல்லாத, நகலுக்கு மட்டுமே உரிய பிரச்சினைகளை யாரும் தொடுவதில்லை.

முக்கியமானது எர்த். மூல கோப்ராவின் உடல் அலுமினியம். ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவற்றின் உடல் ஃபைபர் கிளாஸ், அதில் மின்சாரம் பாயாது. சாதாரண காரில் விளக்கையோ மீட்டரையோ உடலோடு முடுக்கினாலே எர்த் கிடைத்துவிடும், இங்கே அது நடக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் வேண்டும். அந்த ஒயர்களை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டே போனால், ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் அசையும், இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே தாளம் போடும். உடனே மீட்டர் கெட்டுப்போச்சு என்று புது மீட்டர் வாங்குகிறார்கள்! டாஷ்போர்டின் பின்னால் ஒரு பித்தளைப் பட்டை, அதிலிருந்து சேசிஸுக்கு ஒரு தடித்த ஒயர், ஒவ்வொரு மீட்டரின் எர்த்தும் நேராக அந்தப் பட்டைக்கு. டேங்கில் இருக்கும் சென்சருக்கும் ஒழுங்கான எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு மதிய வேலை. மூல வண்டிகள் சிலவற்றில் இருந்த, முள் இடஞ்சுழியாக நகரும் ஸ்மித்ஸ் வேகமானி போலவே வேண்டும் என்று தேடிக் காசு கொடுப்பவர்கள்கூட இந்தப் பட்டைக்கு மதியத்தை ஒதுக்குவதில்லை.

அடுத்தது சூடு. இது மூலத்திலிருந்தே வந்த சீதனம். எஞ்சின் பின்தள்ளி உட்கார்ந்திருப்பதால், கால் வைக்கும் பெட்டியை உரசுகிற மாதிரி எக்ஸாஸ்ட் குழாய்கள் போகின்றன. எல்லோரும் உள்பக்கம் வெப்பத்தடுப்பு ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டலாம், ஆனால் தகடு வழியாக வரும் சூடு பாதிக் கதைதான். ஸ்டீயரிங் தண்டு நுழையும் ஓட்டை, தகடுகள் சேரும் இடுக்கு, ஒயர் போகும் துளை என்று சூடான காற்று நேராகவே உள்ளே வருகிறது. இரவில் கால் பெட்டிக்குள் ஒரு விளக்கை வைத்துவிட்டு, பானட்டைத் திறந்து எஞ்சின் பக்கத்திலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் காற்றும் வரும் இடம். அங்கே சூடு தாங்கும் சீலன்ட். ஷீட் அதற்கப்புறம். அதுவும் தார் கலந்த மலிவு ஷீட் வேண்டாம், சூட்டில் இளகி வழியும், நாறும். பியூட்டில் ரப்பர் வகை நிற்கும்.

கார்ப்பெட்டைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டும் வழக்கத்தையும் எனக்குப் புரிந்துகொள்ள முடியவில்லை. திறந்த கார், மழை வந்தால் நனையத்தானே செய்யும்? பஞ்சு போன்ற அடிவிரிப்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும், அதன் கீழே இரும்புக் குழாய் துருப்பிடிப்பது கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் குடிக்காத நுரை விரிப்பு, மேலே பட்டன் வைத்துக் கழற்றக்கூடிய கார்ப்பெட் போதும். டாஷ்போர்டும் அப்படித்தான், நான்கைந்து திருகு, ஒரு கனெக்டர், கழன்று மடியில் வந்துவிட வேண்டும். ஒட்டிவிட்ட அழகான பலகைக்குப் பின்னால் ஃபியூஸ் போனால் என்ன செய்வது?

இருக்கை பெல்ட்டைப் பற்றி, நான் வாசித்தவற்றில் நீளமாகப் போகும் வழிகாட்டிகூட நிறத்தைத்தான் விவரிக்கிறது. பெல்ட்டின் போல்ட் ஃபைபர் கிளாஸில் இறங்குகிறதா, இரும்புச் சேசிஸில் இறங்குகிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. அடியில் பெரிய வாஷர் போட்டாலும் ஃபைபர் கிளாஸ் அந்த இழுப்பைத் தாங்கும் என்று நம்பக்கூடாது, கிழித்துக்கொண்டு வரும். இருக்கைக் கால்களுக்கும் இதே கதை. அதே வழிகாட்டியில் கியர் குமிழை எத்தனை முறை பாலீஷ் போட வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பகுதி.