ஷார்லட்ஸ் வெப்: ஒரு கஞ்சா ரகமும் அதை வளர்க்கும் நிறுவனமும் – ஒரு மதிப்பீடு

ஷார்லட்ஸ் வெப் என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஸ்டான்லி சகோதரர்கள் உருவாக்கிய கஞ்சாச் செடி ரகம். போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இதில் மிகக் குறைவு. போதை தராத சி.பி.டி. (கன்னாபிடையால்) மிகுதி. இந்த ரகத்தின் பெயரையே தாங்கிய நிறுவனம் இதிலிருந்து எடுக்கும் சாற்றை எண்ணெயாகவும் மாத்திரையாகவும் மெல்லும் மிட்டாயாகவும் விற்கிறது. ஒரு குழந்தையின் வலிப்பு நோயைக் கட்டுப்படுத்திய செடி என்ற புகழே இதன் மூலதனம். அந்தப் புகழ் எவ்வளவு செடிக்கு உரியது, எவ்வளவு நிறுவனத்துக்கு உரியது, எவ்வளவு இரண்டுக்கும் உரியதல்ல என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த வழி

இந்த ரகத்தின் முதற்பெயர் ‘ஹிப்பியின் ஏமாற்றம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். புகைத்தால் போதை ஏறாது என்பதால் வந்த கேலிப்பெயர் அது. சந்தையில் விலை போகாத இந்தச் செடியை ஸ்டான்லி சகோதரர்கள் மருத்துவப் பயனுக்காக வளர்த்துவந்தனர்.

2012இல் கொலராடோவைச் சேர்ந்த ஷார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு அவருடைய பெற்றோர் இதன் எண்ணெயைக் கொடுக்கத் தொடங்கினர். ஷார்லட் 2006இல் பிறந்தவர். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே வலிப்பு தொடங்கியது. டிராவே நோய்க்கூட்டு என்ற கடுமையான மரபணு சார்ந்த வலிப்பு நோய் என்று பின்னர் கண்டறியப்பட்டது. வழக்கமான மருந்துகள் பயன் தரவில்லை. ஒரு கட்டத்தில் வாரத்துக்கு 300 வலிப்புகள் வரை வந்ததாகவும், எண்ணெய் கொடுத்தபின் மாதத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்ததாகவும் பெற்றோர் கூறினர்.

2013 ஆகஸ்டில் நரம்பியல் அறுவை மருத்துவரும் செய்தியாளருமான சஞ்சய் குப்தா சி.என்.என். தொலைக்காட்சியில் வழங்கிய ஆவணப்படம் இந்தக் கதையை நாடெங்கும் கொண்டுசென்றது. ரகத்துக்குச் சிறுமியின் பெயர் சூட்டப்பட்டது. ஈ.பி. வைட் 1952இல் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நாவலின் தலைப்பும் இதுவே என்பதால் பெயர் எளிதில் மனத்தில் பதிந்தது. வலிப்பு நோயுள்ள குழந்தைகளோடு குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் விட்டுக் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தன. செய்தித்தாள்கள் அவர்களை ‘மருத்துவ அகதிகள்’ என்றன. 2014இல் பல மாநிலங்கள் சி.பி.டி. எண்ணெயை மட்டும் அனுமதிக்கும் சட்டங்களை இயற்றின.

செடியின் தன்மை

கஞ்சாச் செடியில் டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் முன்னோடிச் சேர்மம் ஒன்றே. அதை எந்த நொதி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே செடி போதைச் செடியாகவோ போதையற்ற செடியாகவோ அமைகிறது. ஷார்லட்ஸ் வெப் ரகத்தில் சி.பி.டி.யை உருவாக்கும் நொதியே மேலோங்கியது. அந்த நொதியின் வேலையிலும் சிறிதளவு டி.எச்.சி. உண்டாகும் என்பதால் இத்தகைய ரகங்களில் டி.எச்.சி. முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் கையெழுத்தான வேளாண் சட்டம், உலர் எடையில் டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டாத செடியைக் கஞ்சாவிலிருந்து பிரித்து ‘ஹெம்ப்’ என்று வரையறுத்தது. ஹெம்ப் என்பதைத் தமிழில் சிலர் ‘சணல்’ என்று எழுதுகின்றனர். நாம் சாக்கு நெய்யும் சணல் வேறு தாவரம். ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். வேறுபாடு சட்டம் இட்ட கோட்டில் உள்ளது.

செடி என்ற அளவில் இந்த ரகத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் டி.எச்.சி.யைப் பெருக்குவதில் போட்டியிட்ட காலத்தில் எதிர்த்திசையில் சென்ற ரகம் இது. சி.பி.டி.யை நோக்கி மருத்துவ உலகின் கவனத்தைத் திருப்பியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

சான்று யாருடையது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சி.பி.டி. டிராவே நோயில் வேலை செய்கிறது என்பதற்கு வலுவான சான்று உள்ளது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 120 குழந்தைகளும் இளையோரும் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சி.பி.டி.யும், மற்றப் பிரிவினருக்கு மருந்துப்போலியும் 14 வாரம் தரப்பட்டன. மாத வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை சி.பி.டி. பிரிவில் 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. மருந்துப்போலிப் பிரிவில் 14.9இலிருந்து 14.1ஆக மட்டுமே குறைந்தது. சி.பி.டி. பிரிவில் 5 விழுக்காட்டினருக்கு வலிப்பு முற்றிலும் நின்றது.

ஆனால் அந்த ஆய்வில் தரப்பட்டது ஷார்லட்ஸ் வெப் அன்று. பிரிட்டனைச் சேர்ந்த ஜி.டபிள்யூ. நிறுவனம் தன் செடிகளிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய சி.பி.டி. கரைசல் அது. எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு 2018 ஜூனில் ஒப்புதல் வழங்கியது. ஷார்லட்ஸ் வெப் எண்ணெய் அத்தகைய ஒப்புதல் பெற்ற மருந்தன்று. ஒன்றின் சான்று மற்றொன்றின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

கொலராடோவின் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நேரடியானது. கஞ்சாச் சாறு உட்கொண்ட 75 வலிப்பு நோயாளிகளின் குறிப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். வலிப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக 33 விழுக்காட்டுப் பெற்றோர் கூறியிருந்தனர். கொலராடோவிலேயே வசித்த குடும்பங்களில் இது 22 விழுக்காடு. சிகிச்சைக்காகவே குடிபெயர்ந்து வந்த குடும்பங்களில் 47 விழுக்காடு. மாநில எல்லையைக் கடந்ததால் எண்ணெய்க்கு வலிமை கூடியிருக்க முடியாது. எல்லாவற்றையும் விட்டு வந்தவரின் நம்பிக்கைதான் கூடியிருக்கும்.

2017 ஆய்வில் மருந்துப்போலி பெற்றவர்களிலும் 27 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதியளவேனும் குறைந்தது. வலிப்பு நோய் தானாகவே ஏறி இறங்கும். மிக மோசமான நிலையில்தான் புதிய மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் வரும் இயல்பான இறக்கமும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே தனி ஒரு குழந்தையின் கதை, அது எவ்வளவு உண்மையானதாயினும், அளவுகோலாக முடியாது. இது பெற்றோரைப் பொய்யர் என்பதன்று. கண்முன் துடிக்கும் பிள்ளையை எண்ணிக்கைக் கண்ணோடு பார்க்கும்படி யாரையும் கேட்க முடியாது என்பதால்தான் கட்டுப்பாட்டுக் குழுவுடன் கூடிய சோதனை தேவைப்படுகிறது.

முழுச்செடிச் சாறு தூய சி.பி.டி.யைவிடக் குறைந்த அளவிலேயே பயன் தரும் என்ற வாதமும் உண்டு. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதற்குச் சாதகமாகவே இருந்தது. ஆயினும் அதில் சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் குழு இல்லாத கவனிப்புகள். ஆய்வுக்குரிய கருத்து என்ற அளவில் அதை ஏற்கலாம். விற்பனைக்குரிய சான்றாக ஏற்க முடியாது.

அளவுக் கணக்கு

20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மேற்கண்ட ஆய்வின் அளவுப்படி நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சி.பி.டி. வேண்டும். மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள ஓர் எண்ணெயை எடுத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 8 மில்லிலிட்டர் ஆகிறது. 30 மில்லிலிட்டர் புட்டி நான்கு நாள்கூட வராது. மனநிம்மதிக்காகச் சில சொட்டு எடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளருக்கும் இந்தக் குழந்தைக்கும் ஒரே புட்டி, ஒரே பெயர். ஆனால் இருவரும் உட்கொள்ளும் அளவுகளுக்கு இடையே பெரும் இடைவெளி.

அளவு கூடும்போது ஆபத்தும் கூடுகிறது. சி.பி.டி. கல்லீரல் நொதிகளின் வேலையைத் தடுத்து, குளோபசாம் என்ற வலிப்பு மருந்தின் செயல்படு பொருளை இரத்தத்தில் உயர்த்துகிறது. குழந்தை அளவுக்கு மீறித் தூங்கும். வால்புரோயேட் மருந்தோடு சேரும்போது கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றுகின்றன. மருந்தாகக் கொடுத்தால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து கவனிப்பார். உணவுத் துணைப்பொருளாக வாங்கினால் அந்தப் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது.

நிறுவனம்

நிறுவனத்துக்கு உரிய நற்பெயரை மறைக்கக் கூடாது. சி.பி.டி. சந்தை பொதுவாக நம்பத்தக்கதாக இல்லை. இணையத்தில் விற்கப்பட்ட 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில், 31 விழுக்காடு மட்டுமே மேலொட்டில் சொன்ன அளவோடு ஒத்திருந்தன. 18 பொருள்களில் டி.எச்.சி. காணப்பட்டது. இத்தகைய சந்தையில் ஒவ்வொரு தொகுதிக்குமான ஆய்வகச் சான்றை வாங்குபவர் பார்க்கும்படி வெளியிடுவது பாராட்டத்தக்கது. ஹெம்ப் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சக்கூடியது என்பதால் இத்தகைய சோதனை வெறும் சடங்கன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. 2017 நவம்பரில், புற்றுநோய் உள்ளிட்டவற்றுக்கு ஆதாரமற்ற மருத்துவப் பயன்களைக் கூறியதாக உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஸ்டான்லி சகோதரர்களின் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. நோயைக் குணமாக்கும் என்று எழுதுவதற்கு இத்தகைய பொருளுக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த நிறுவனத்துக்கு அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. மேலொட்டில் ‘வலிப்பு’ என்ற சொல் இல்லாவிட்டாலும், கதையை அறிந்த பெற்றோர் ஷார்லட் என்ற பெயரில் அதைப் படித்துக்கொள்கின்றனர். எந்த ஒழுங்குமுறையும் பெயருக்குள் இருக்கும் இந்த வாக்குறுதியை நீக்க முடியாது.

2018இல் நிறுவனம் கனடாவின் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவ்வாண்டு விற்பனை 6.95 கோடி டாலர். 2022 அக்டோபரில் அமெரிக்கப் பேஸ்பால் முதன்மைக் கூட்டமைப்பின் அதிகாரப்பூர்வ சி.பி.டி. ஆனது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற சிகரெட் நிறுவனம் இதில் 7.5 கோடி கனடிய டாலருக்கு மேல் முதலீடு செய்தது. நோயுற்ற சிறுமியின் பெயர் இன்று தூக்க மிட்டாயிலும் நாய்த் தின்பண்டத்திலும் அச்சாகிறது. வணிகம் பெருகுவது குற்றமன்று. ஆனால் கிடைத்த பணத்தில் ஓர் எளிய கடன் இருந்தது: தன் சாற்றையே டிராவே குழந்தைகளிடம் முறையாகச் சோதித்து, மருந்தாக ஒப்புதல் பெறுவது. அந்த வழியில் முடிவுவரை சென்றது ஜி.டபிள்யூ.தான், பெயர் தந்த குழந்தையின் நோய்க்கு ஷார்லட்ஸ் வெப் அதைச் செய்யவில்லை.

மறுதரப்பு

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எபிடியோலெக்ஸ் வெளியானபோது அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 32,500 டாலர். காப்பீடு இல்லாத குடும்பம் எண்ணெய்ப் புட்டியை நாடுவதில் வியப்பில்லை. 2012இல் ஷார்லட்டின் பெற்றோர் முன் ஒப்புதல் பெற்ற சி.பி.டி. மருந்தே இல்லை. அன்று அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. பிறகு வந்த ஆய்வுகளுக்கும் அதுவே தூண்டுகோல். ஆனால் அன்று சரியாக இருந்த முடிவை இன்றைய பெற்றோர் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. டிராவே நோய்க்கு 2018இல் ஸ்டிரிபென்டாலும் 2020இல் ஃபென்ஃபுளூரமினும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டன. மருந்தின் விலை அநியாயமானால் விலையை எதிர்த்துப் போராட வேண்டும். சோதிக்கப்படாத மாற்று அதற்கு விடையாகாது.

2023 ஜனவரியில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உணவுக்கும் துணைப்பொருளுக்கும் உள்ள தற்போதைய விதிகள் சி.பி.டி.க்குப் பொருந்தவில்லை என்றும் புதிய வழிமுறை வேண்டும் என்றும் அறிவித்தது. பத்தாண்டு விற்பனைக்குப் பிறகும் இந்தப் பொருளுக்கு உரிய சட்ட இடம் எது என்பது தீர்மானிக்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.

மதிப்பீடு

ரகம் நல்லது, பயிரீட்டிலும் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. தூய்மையிலும் சோதனையிலும் நிறுவனம் தன் சந்தையின் பெரும்பாலோரைவிட மேலானது. ஆனால் அது விற்பது மருந்தன்று; மருந்தாகிய வேறொரு பொருளின் சான்றும் ஒரு குழந்தையின் பெயரும் சேர்ந்து அதை மருந்துபோல் காட்டுகின்றன. வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு இதை வாங்க எண்ணுபவர் மூன்றைக் கேட்க வேண்டும். இந்தப் புட்டியிலுள்ள சாறே சோதிக்கப்பட்டதா? என் குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லிகிராம்? இப்போது கொடுக்கும் மருந்துகளோடு இது என்ன செய்யும்? இம்மூன்றுக்கும் மேலொட்டில் விடை இல்லை. மருத்துவரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

ஷார்லட் ஃபிகி 2020 ஏப்ரல் 7 அன்று 13 வயதில் இறந்தார். தன் வாழ்வால் அவர் உலகத்தைக் கேட்கவைத்த கேள்வி, இந்தச் செடியில் மருந்து இருக்கிறதா என்பது. அதற்கு ‘ஆம்’ என்று விடை கிடைத்துவிட்டது. அந்த விடையைத் தந்தது அவர் பெயரைத் தாங்கிய புட்டி அன்று.