அரக்குப் பூச்சு: சன்னபட்டணாவும் மாத்தளையும்

மரச்சாமானை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவதோடு வேலை பாதிதான் முடிகிறது. மினுக்கம் ஏறுவது அதற்குப் பிறகு. கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் இலங்கையின் மாத்தளைப் பகுதியிலும் அந்த மினுக்கத்தைத் தருவது அரக்குதான். கடைசியில் இழைத்துவிட இரு ஊரிலும் ஓலையைத்தான் எடுக்கிறார்கள். அரக்கை இளக்கும் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சன்னபட்டணாவில் அந்தச் சூட்டை மரமே உண்டாக்கிக்கொள்கிறது. வெளிறிய, நெருக்கமான இழையுள்ள வெட்பாலை மரத்தை நன்றாக உலர்த்திக் கடைசலில் ஏற்றுகிறார்கள். உளியால் உருவம் எடுத்து, சுழற்சியை நிறுத்தாமலே உப்புத்தாள் பிடிக்கிறார்கள். பிறகு வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்த, உராய்வில் அரக்கு இளகிப் படர்கிறது. அப்போது திட்டுத்திட்டாகத்தான் தெரியும். மடித்த தாழை ஓலையை அதன்மேல் வைத்து அழுத்தியதும் திட்டுகள் கரைந்து பளபளப்பு வருகிறது. சுழற்சியில் பிறப்பதால் கோலமெல்லாம் வளையங்களாகவே அமையும்.

மாத்தளையின் நகவேலையில் மரம் சுழல்வதில்லை. சூடு கரியடுப்பிலிருந்து வருகிறது. இளக்கிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, சூடேற்றிய பரப்பில் ஒட்டி, வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் அறுக்கிறார்கள். இதற்கென்றே நகம் வளர்ப்பார்கள். பிறகு மறுபடி அனலில் காட்டி, ஓலைத்துண்டால் தேய்த்துச் சமப்படுத்துகிறார்கள். வளையத்துக்குக் கட்டுப்படாத கொடியும் இதழும் இங்கே சாத்தியம். சூடு மிஞ்சினால் இழை உருகிக் கோலம் கலைந்துவிடும், குறைந்தால் ஒட்டாது.

இதை நாட்டுக்கொரு முறை என்று பிரித்துவிட முடியாது. தென்னிலங்கை அங்குல்மடுவையில் கடைசல் அரக்கு வேலையும் உண்டு. கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நகவேலை, கடைசல் வேலை இரண்டையும் தனித்தனியே விவரித்திருக்கிறார்.

பொருளின் பயனும் வேலையை மாற்றுகிறது. மாத்தளையின் நகவேலை கொடிக்கம்பு, விசிறிக்காம்பு, ஏட்டுச்சுவடியின் மரப்பலகை ஆகியவற்றில் ஏறியது. அதற்குச் சாதிலிங்கமும் அரிதாரமும் நிறம் தந்தன. ஒன்றில் பாதரசம், மற்றதில் ஆர்செனிக். கையில் ஏந்தும் கம்புக்கு அது பொறுக்கும். குழந்தை வாயில் வைக்கும் கிலுகிலுப்பைக்கு ஆகாது. சன்னபட்டணாப் பட்டறைகளில் மஞ்சள், அவுரி போன்ற தாவர நிறங்களுக்கு மதிப்பு கூடியதற்கு இதுவே காரணம்.

மின்மோட்டார் வந்தபோது கடைசல் வேலை எளிதாக அதனோடு சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே அது வேகத்தை நம்பிய வேலை. நகவேலையில் மோட்டாரைப் பூட்ட இடமே இல்லை. அது சில குடும்பங்களோடு சுருங்கிவிட்டது. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், கடைசல் பொம்மையின் விலையைக் காட்டி நகவேலைக்குப் பேரம் பேசுவது நியாயமாகாது. முன்னதில் ஓர் அழுத்தில் முழு வளையம் விழுகிறது. பின்னதில் ஒவ்வோர் இழையும் தனித்தனியே கைக்கு வருகிறது.