பெட்டிக்கு வெளியே ஒரு கடிகாரம்

"இப்ப கேளு" என்றார் அண்ணன். முன்பு என்னோடு ஒரே டீமில் வேலை பார்த்தவர், பத்து வயது மூத்தவர், ஆடியோவில் காசைக் கொட்ட வெட்கப்படாதவர். அவருடைய டிஏசி மேல், அதாவது டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் பெட்டியின் மேல், புதிதாக இன்னொரு பெட்டி உட்கார்ந்திருந்தது. அது பாடாது, ஸ்பீக்கரை ஓட்டாது. நொடிக்கு ஒரு கோடி முறை துடிக்கும், அவ்வளவுதான். 10 மெகாஹெர்ட்ஸ் மாஸ்டர் கிளாக். அந்தக் காசுக்கு ஒரு புல்லட் வாங்கிவிடலாம்.

பின்னால் இருந்த கேபிளைச் செருகி, அதே பாட்டைத் திரும்பப் போட்டார். வித்தியாசம் தெரிந்தது. தம்புரா கொஞ்சம் பின்னால் போய், பாடகரின் மூச்சு பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி. "செமயா இருக்குண்ணே" என்றேன். பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

சிடியில் ஒரு நொடி ஒலி என்பது ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். எண் சரியாகவே இருந்தாலும், அது வெளிவரும் கணம் முன்பின்னாக நடுங்கினால் அலை கோணிவிடும். இதற்குப் பெயர் ஜிட்டர். 16 பிட்டில், 20 கிலோஹெர்ட்ஸ் முழுவீச்சு அலையில் பிழை அரைப் படியைத் தாண்டக் கூடாதென்றால், கடிகாரம் சுமார் 121 பிக்கோ விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. அந்த நேரத்தில் ஒளியே மூன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான் போகும். இதைக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். விற்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. சிடியைச் சுழற்ற ஒரு பெட்டி, எண்ணை அலையாக்க வேறொரு பெட்டி என்று பிரித்தபோது, இரண்டாவது பெட்டி தன் தாளத்தை வயரில் வரும் தரவிலிருந்தே ஊகித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. தரவு மாற மாறத் தாளமும் நடுங்கியது. 1992-ல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் அந்த இணைப்பு முறையே பழுதானதா என்று தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பல கருவிகள் ஒன்றாக ஓடும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பொதுக் கடிகாரம் இன்றும் அவசியம். இல்லையென்றால் 'டிக்' 'டிக்' என்று வெட்டும். ஆனால் அங்கே அதன் வேலை எல்லோரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவது. ஒலியை அழகாக்குவது இல்லை.

அண்ணன் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டிஏசி. அசிங்க்ரனஸ் யூஎஸ்பி வந்த பிறகு தாளம் அதன் உள்ளேயே, மாற்றும் சிப்புக்குச் சில சென்டிமீட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர்தான் அதற்கு ஏற்ப எண்களைத் தர வேண்டும். இப்போது வெளியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் என்ன ஆகும்? சிடி குடும்பத்துக்கு வழக்கமாக வேண்டியது 22.5792 மெகாஹெர்ட்ஸ். பத்திலிருந்து அதற்குப் போக 7056-ஆல் பெருக்கி 3125-ஆல் வகுக்க வேண்டும். அதற்குள்ளே ஒரு பிஎல்எல் சுற்று, அதற்கென்று ஒரு இரைச்சல். சுத்தமான கிணறு வீட்டுக்குள் இருக்க, தெருக்கோடியிலிருந்து குழாய் போட்டு இழுக்கிறோம். 2010-ல் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' பத்திரிகை அளந்து பார்த்தபோதும், பெரும்பாலும் உள்கடிகாரமே மேல் என்றுதான் வந்தது.

எசோடெரிக், ஆன்டிலோப் போன்றவர்கள் ருபிடியம் அணுக்கடிகாரத்தையே பெட்டியில் வைத்து விற்றார்கள். அணு என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி உண்டுதான். ஆனால் ருபிடியத்தின் பெருமை நாள்கணக்கில், மாதக்கணக்கில் தவறாமல் இருப்பது. நமக்கு வேண்டியது நொடிக்குள் நடுங்காமல் இருப்பது, அதில் நல்ல குவார்ட்ஸே போதும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு தவறும் மட்டமான குவார்ட்ஸ்கூட ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடிதான் பிசகும். சுருதிக் கணக்கில் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காதுக்கு எவ்வளவு தெரியும்? 1998-ல் எரிக் பெஞ்சமினும் பெஞ்சமின் கேனனும் சோதித்தார்கள். தனி ஸ்வரத்தில், மிக உணர்வான கேட்பவருக்கே, பத்து நானோ விநாடி அளவில்தான் பிடிபட்டது. இசையில் அதற்கும் மேலே போக வேண்டியிருந்தது. மேலே சொன்ன 121 பிக்கோவைப் போல எண்பது மடங்கு.

இந்த மாதிரிப் பெட்டிகளின் விமர்சனங்களை வாசித்தால் ஒரே உவமைதான்: திரை விலகியது. கேபிள் மாற்றினால் ஒரு திரை, கடிகாரம் வைத்தால் இன்னொரு திரை. இருபது வருடமாக விலகிக்கொண்டே இருக்கிறது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பாட்டு பதிவானபோது ஸ்டுடியோ கருவியில் இருந்த நடுக்கம் அந்த எண்களுக்குள்ளேயே உறைந்துவிட்டது. வீட்டில் எந்தக் கடிகாரத்தை வைத்தாலும் அதைத் திருத்த முடியாது. இதை ஒரு விமர்சனமாவது சொல்லிப் பார்த்ததில்லை.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் போனேன். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சும்மா டிஏசி மெனுவை நோண்டினேன். கிளாக் என்ற இடத்தில் 'இன்டர்னல்' என்று இருந்தது.

"அண்ணே, இதை மாத்தினீங்களா?"

"அன்னைக்கு நீ கேட்டப்புறம் நான் தொடவே இல்லையே. அதுக்கு முன்னாடியும் தொடல."

அவருக்கும் புரிய ஒரு நிமிடம் ஆனது. கேபிள் செருகியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, டிஏசி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"டேய், அப்ப அன்னைக்கு நீ என்னத்தடா கேட்ட?"

பதில் சொல்லவில்லை. அண்ணன் மெனுவில் 'எக்ஸ்டர்னல்' என்று மாற்றினார். அதே பாட்டைப் போட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடைசி வரை கேட்டோம்.