'கம்யூனிட்டி' என்பது யார்? – ஈஸ்ட் ரிவர் பூங்காவை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழ்நாட்டில் 'நீங்க என்ன கம்யூனிட்டி?' என்று ஒருவர் கேட்டால், என்ன சாதி என்றுதான் அர்த்தம். தாலுகா ஆபீசில் வாங்குகிற கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் என்பது சாதிச் சான்றிதழ். ஆனால் சூழலியல் போராட்டங்கள் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இதே சொல் 'உள்ளூர்ச் சமூகம்', 'மக்கள் எதிர்ப்பு' என்று வெள்ளை உடுத்தி வந்து நிற்கிறது. உள்ளே பிளவே இல்லாத ஒரு முழுமை போலவும், அது அப்படியே எழுந்து நின்று அரசை எதிர்ப்பது போலவும் ஒரு தோற்றம். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பிரதி நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் பூங்கா. தோற்றுப்போன ஒரு போராட்டம் அது. வென்ற போராட்டங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம்.

1

மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்கு ஓரம், லோயர் ஈஸ்ட் சைட். அங்கே 1939-இல் ராபர்ட் மோசஸ் கட்டியது இந்தப் பூங்கா. தேர்தலில் நின்று ஒருமுறைகூட ஜெயிக்காமல், நாற்பதாண்டுக் காலம் நியூயார்க்கின் சாலைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் தீர்மானித்த அதே மோசஸ்தான். பேரில்தான் ஆறு, ஈஸ்ட் ரிவர் உண்மையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஒரு நீரிணை. கரையும் இயற்கையான கரை அல்ல, பெரும்பகுதி நிரப்பி எடுத்த நிலம். பூங்காவுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவில் எஃப்.டி.ஆர். டிரைவ் என்ற விரைவுச்சாலை ஓடுகிறது. நடைபாலம் ஏறித்தான் பூங்காவுக்குப் போக வேண்டும். ஆகவே 'இயற்கை × வளர்ச்சி' என்ற நமக்குப் பழக்கப்பட்ட இருமை எதிர்வு இங்கே முதல் அடியிலேயே உடைந்துவிடுகிறது. காப்பாற்றப்பட வேண்டிய 'இயற்கை'யே ஒரு பழைய வளர்ச்சித் திட்டத்தின் மிச்சம்.

ஆனால் திட்டம் போட்டவன் நினைத்தது ஒன்று, மக்கள் அதை வைத்துக்கொண்டது வேறொன்று. சாலைக்கு இந்தப் பக்கம் பரூக், லில்லியன் வால்ட், ஜேக்கப் ரீஸ் என்று வரிசையாக நிற்கும் பொது வீட்டுவசதிக் குடியிருப்புகள். புவெர்ட்டோ ரிக்கர்கள், கறுப்பர்கள், சீனர்கள், வயதான யூதர்கள் என எல்லோரும் அங்கே வாழ்ந்தார்கள். லோயர் ஈஸ்ட் சைடை 'லோயிசைடா' என்று தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட மக்களுக்குப் பூங்காதான் முற்றம். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவதும் பேஸ்பால் ஆடுவதும் மீன்பிடிப்பதும் அங்கேதான். 1956-இல் ஜோசப் பாப் அங்கிருந்த திறந்தவெளி அரங்கில் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் காசு வாங்காமல் போட்டார். அன்ரி லெஃபெவ்ர் 1968-இல் 'நகரத்தின் மீதான உரிமை' என்று எழுதியதை இங்கே வாழ்ந்தே காட்டிக்கொண்டிருந்தார்கள். பரிவர்த்தனை மதிப்புக்கு எதிராகப் பயன்மதிப்பு என்று கோட்பாட்டில் சொல்வதன் அர்த்தம் இவ்வளவுதான்: காசு கொடுக்காமல் நிழலில் உட்காரலாம்.

2

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் வந்தது. மன்ஹாட்டனின் தென்முனையில் நீர்மட்டம் ஏறத்தாழ 14 அடிக்கு ஏறியது. பதினான்காம் தெருவின் துணை மின்நிலையம் வெடித்துத் தென்மன்ஹாட்டன் இருண்டது. நகரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். பொதுக் குடியிருப்புகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை. பத்தாவது மாடியில் இருக்கிற கிழவிக்கு அது என்ன நாட்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

அதன்பிறகு மத்திய அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் 2014-இல் 'பிக் யூ' என்ற திட்டம் தேர்வாயிற்று. லோயர் ஈஸ்ட் சைட் பகுதிக்கு 33.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கூட்டங்கள் நடந்தன. வரைபடத்தை மேசைமேல் விரித்து, குடியிருப்பாளர்களைக் கூப்பிட்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலான அரசுகள் இந்த அளவுக்குக்கூடச் செய்வதில்லை. அதில் உருவான யோசனையின் சாரம் இது: விரைவுச்சாலையை ஒட்டி மண்மேடு எழுப்புவது, பூங்கா வெள்ளத்தை வாங்கிக்கொள்ளட்டும், தண்ணீர் வந்துவிட்டுப் போகட்டும், வீடுகளுக்குள் வராமல் இருந்தால் போதும்.

2018-இல் நகர நிர்வாகம் அந்த யோசனையைத் தூக்கிப் போட்டது. புதிய திட்டத்தின்படி பூங்கா முழுவதையும் ஏறத்தாழ எட்டடி மண் கொட்டி மூடி, மேலே புதிய பூங்கா கட்ட வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மரங்களும் போகும். செலவு 76 கோடி டாலரிலிருந்து 145 கோடி டாலராக உயர்ந்தது. சாலையை ஒட்டி உயரழுத்த மின்கேபிள்கள் போகின்றன, பழைய திட்டம் என்றால் இரவுதோறும் சாலைத் தடங்களை மூட வேண்டும், வேலையும் இழுக்கும் என்று காரணங்கள் சொன்னார்கள். இவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான்கு வருடம் பேசிய மக்களிடம் இந்தக் காரணங்களை வைத்து மறுபடி ஒரு பேச்சு நடக்கவில்லை, முடிவுதான் வந்தது. பிறகு எதிர்ப்பாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் போராடி வாங்கிய தொழில்நுட்ப ஆய்வு 2021-இல் வந்தபோது பல இடங்கள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. இந்த முழு விவகாரத்திலும் மிக நேர்மையான பிரதி அதுதான் என்பேன். அதிகாரம் தன் மௌனத்தை அச்சிட்டுக் கொடுத்த பிரதி.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இத்திட்டம் தன்னை 'வளர்ச்சி' என்று அழைத்துக்கொள்ளவில்லை. மால் கட்டவில்லை, கோபுரம் கட்டவில்லை. அதன் பேர் 'மீள்திறன்'. ஃபூக்கோ சொன்ன உயிர்-அதிகாரத்தை இதைவிடத் தெளிவாகப் பார்க்க முடியாது. 'உன்னை அழிக்க வரவில்லை, உன் உயிரைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்' என்று வரும் அதிகாரத்தை எப்படி எதிர்ப்பது? கொல்ல வருகிற அரசை எதிர்க்கும் மொழி நம்மிடம் ஏராளம். வாழவைக்க வருகிற அரசின் முன்னால் அந்த மொழி திக்குகிறது.

3

அங்கேயும் திக்கியது. பொதுக் குடியிருப்புகளின் குத்தகையாளர் சங்கத் தலைவர்களில் ஒரு பகுதியினர் புதிய திட்டத்தை ஆதரித்தார்கள். அடுத்த புயலுக்குள் சுவர் வேண்டும் என்பது அவர்கள் நிலை. எதிர்த்தவர்களிலும் அதே குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வெளியே உருவான சித்திரம் என்ன? ஒரு பக்கம் மரங்களைக் கட்டிப்பிடிக்கும் வசதியானவர்கள், மறுபக்கம் வெள்ளத்துக்குப் பயந்த ஏழைகள். இந்த எதிர்வு கட்டமைக்கப்பட்ட ஒன்று. ஏனென்றால் எதிர்ப்பாளர்கள் கேட்டதும் வெள்ளத் தடுப்புதான். பழைய திட்டத்திலும் சுவர் உண்டு. 'மரமா, மனுஷனா?' என்ற கேள்வியை அந்த ஜனங்கள் எழுப்பவில்லை. அது அவர்கள் கையில் திணிக்கப்பட்ட கேள்வி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்போம். இங்கே ஊரை இரண்டாக்கியதே கூத்தாடிதான்.

இருந்தாலும் முழுப்பழியையும் அரசின் மேல் போட்டுவிட்டு எழுந்துபோக என்னால் முடியவில்லை. திணிக்கப்பட்ட கேள்வி அவ்வளவு எளிதில் ஒட்டிக்கொண்டது எப்படி? 'ஆயிரம் மனிதர்கள், ஆயிரம் மரங்கள்' என்று ஓர் இயக்கம் தனக்குப் பேர் வைத்துக்கொண்டது. அழகான பேர், மனிதர்கள்தான் அதில் முதலில் வருகிறார்கள். ஆனால் வெளியே கேட்டதெல்லாம் மரங்களின் எண்ணிக்கையாக இருந்தது. சாண்டி இரவின் லிஃப்ட் இல்லாத மாடிப்படிகள் அந்த முழக்கத்துக்குள் சம இடம் பிடிக்கவில்லை. இதற்குப் பின்னால் ஒரு மரபின் சுமை இருக்கிறது. மோசஸை எதிர்த்து வாஷிங்டன் சதுக்கத்தில் சாலை போடவிடாமல் தடுத்த ஜேன் ஜேக்கப்ஸின் மரபு. அட்சன் கரையில் திட்டமிட்ட வெஸ்ட்வே நெடுஞ்சாலையை, கோடுபோட்ட பாஸ் மீனின் வாழிடத்தைக் காரணம் காட்டி நீதிமன்றத்தில் மறித்து, 1985-இல் கைவிடவைத்த மரபு. இந்தக் கதைகளில் 'நிறுத்துவது' என்பதே வெற்றி. ஜேக்கப்ஸ் காப்பாற்றிக் கொடுத்த தெருக்களில் இன்று வாடகை கொடுத்துக் குடியிருக்க யாரால் முடிகிறது என்று கேட்டால் அந்த வெற்றியின் வர்க்கம் தெரியும். தவிர, கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் எதையும் செய்யாமல் இருப்பது என்பது ஏழைகளுக்கு ஒரு தேர்வே அல்ல. பெருங்கதையாடல்களைக் கேள்வி கேட்ட நாம், 'மக்கள் எதிர்ப்பு' என்ற குறுங்கதையாடலையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

தமிழில் 'ஊர்' என்ற சொல் இதை நமக்குச் சுலபமாகவே சொல்லிவிடும். ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால் சேரி இழுக்கவில்லை என்றும் அர்த்தம். 'ஊரே எதிர்க்கிறது' என்ற வாக்கியத்தை நாம் எழுதும்போதெல்லாம் சேரி எங்கே நிற்கிறது என்ற கேள்வி அதன் அடியில் கிடக்கிறது. நியூயார்க்கில் அந்தக் கேள்வியைப் போராளிகளுக்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டது நகர நிர்வாகம். பயன்படுத்தியும் கொண்டது.

4

வழக்கு 2020-இல் போடப்பட்டது. நியூயார்க்கில் பூங்கா நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப வேண்டுமானால் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வான் கோர்ட்லண்ட் பூங்கா வழக்கில் 2001-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. இப்போது நீதிமன்றங்கள் சொன்னது வேறு: பூங்கா பூங்காவாகத்தான் இருக்கப் போகிறது, எனவே ஒப்புதல் தேவையில்லை. 2021 டிசம்பரில் ரம்பங்கள் வந்தன. மரங்கள் சாய்ந்தன, பாப் நாடகம் போட்ட அரங்கமும் இடிந்தது. மறித்தவர்கள் சிலர் கைதானார்கள். மொழியியல் படித்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் வேடிக்கையாக இருக்கும். குறிப்பான் பத்திரமாக இருக்கிறது, குறிப்பீட்டைத்தான் வெட்டிவிட்டார்கள். நிழல், தொல்லையில்லாத ஒரு மூலை, ஐம்பது வருடப் பழக்கம் எதுவும் சட்டத்தின் கண்ணில் 'பூங்கா' இல்லை.

இந்தச் சட்டக் கோட்பாட்டுக்கு நம்மோடு ஓர் உறவு உண்டு. ஆறும் கரையும் அரசின் சொத்தல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பில் வைத்திருப்பவை என்ற 'பொது நம்பிக்கை' கருத்தாக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892-இல் சிகாகோ ஏரிக்கரை வழக்கில் பேசியது. அந்த வழக்கைச் சுட்டித்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், பியாஸ் நதிக்கரையை ஒரு விடுதிக்குக் கொடுத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. 'ஆற்றுப் புறம்போக்கு' என்று நம் வருவாய்க் கணக்கில் ஒரு வார்த்தை இருக்கிறது. யாருக்கும் பட்டா இல்லை, எல்லோருக்கும் புழக்கம் உண்டு. அந்தச் சொல்லை நாம் வசவாக மாற்றிவிட்டோம் என்பதில் நம்முடைய நிலவுடைமை மனசின் முழு வரலாறும் இருக்கிறது.

5

'வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம்' என்ற சொல்லாடல் சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் குடியிருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கியபோது சொன்னதும் இதைத்தான். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் அது. மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கும். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது: லோயர் ஈஸ்ட் சைடில் யாரும் வீட்டை இழக்கவில்லை. அங்கே மக்களை விட்டுவைத்துப் பூங்காவை மூடினார்கள். இங்கே மக்களை அகற்றிவிட்டுக் கரையை அழகாக்குகிறார்கள். அப்படி அகற்றும்போது மரத்தையும் பறவையையும் ஆற்றையும் நேசிக்கும் நம்முடைய நடுத்தர வர்க்கச் சூழலியல் எத்தனை முறை 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஈஸ்ட் ரிவர் பூங்காவை இப்போது மண் உயர்த்திப் பகுதி பகுதியாகத் திறந்திருக்கிறார்கள். புதிய கன்றுகள் வளரும். அடுத்த புயலில் சுவர் தாங்கினால் திட்டம் சரி என்றும், தாங்காவிட்டால் தவறு என்றும் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. சுவர் தாங்கினாலும், நான்கு ஆண்டுகள் பேசிய ஜனங்களின் பேச்சை ஒரே நாளில் அழிக்க முடிந்தது என்பது அப்படியே நிற்கும். அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். ஆனால் கறுப்பு மை அடித்த பக்கங்களையும், பத்தாவது மாடிக்குத் தண்ணீர் சுமந்த இரவையும் ஒரே துண்டறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். தோழர்கள் இதை வெறும் உத்திப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். யாருடைய பயத்துக்கு நம் முழக்கத்தில் இடமில்லையோ அவர்களுடைய பயம் அரசின் கோப்பில் பத்திரமாக இருக்கும். நமக்கு எதிராக வெளியே எடுக்கப்படும் நாள் வரைக்கும்.