தானே செய்தலும் பிரித்துப் பார்த்தலும்: என்ஸோ மாரி பற்றி ஒரு குறிப்பு

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-இல் மிலான் நகரில் ஒரு கண்காட்சி வைத்தார். மேசை, நாற்காலி, பெஞ்சு, கட்டில், அலமாரி எல்லாம் சாதாரணப் பைன் பலகையும் ஆணியும் கொண்டு செய்தவை. தபால் செலவு அனுப்பியவர்களுக்கு வரைபடம் இலவசம். ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் தவிர யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றார். 'ஆட்டோப்ரொஜெட்டாசியோனே' என்று பெயர் வைத்தார். 'தானே வடிவமைத்தல்' என்று சொல்லிக்கொள்ளலாம். பிற்பாடு அது புத்தகமாகவும் வந்தது. தச்சுவேலை தானாகக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்றும் பலர் கைகாட்டும் புத்தகம் இது. சேலம், நாமக்கல் பக்கம் உட்கார்ந்து படித்தால் இது எப்படித் தெரிகிறது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அதன் பலம். மாரியின் நோக்கம் சிக்கனம் இல்லை. ஒரு நாற்காலியை நம்ம கையால் ஒரு தடவை செய்துவிட்டால், கடையில் நிற்கும் நாற்காலியில் எது உறுதிக்கு, எது மினுக்குக்கு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிடும் என்பதுதான் அவர் வாதம். அது சரிதான். பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதால் பயமும் போகும்.

ஆனால் மரம் வேறு. பைன் மெத்தென்றது, ஆணியை வாங்கிக்கொள்ளும். நம்ம வேம்பிலும் வாகையிலும் முன்கூட்டித் துளை போடாமல் ஓரத்தில் ஆணி அடித்தால் பிளந்துவிடும். சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும் பலகை, நீளவாக்கில் அவ்வளவாக மாறாது; அகலவாக்கில் சுருங்கி விரியும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பலகையை ஆணியால் இறுக்கினால் சில வருஷத்தில் ஆணி ஆடும், இல்லாவிட்டால் பலகை வெடிக்கும். துளையும் கழுந்துமாகக் கோத்து மூங்கில் ஆணி அடிக்கிற பழைய முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. மாரியின் புத்தகம் இந்தப் பக்கமே வரவில்லை.

இது சின்னக் குறைதான். பெரிய குறை, 'தானே' என்ற சொல்லில் இருக்கிறது.

1974-இன் இத்தாலியில், செய்யும் வேலையை ஆலை மக்களிடமிருந்து பறித்துக்கொண்டது என்று மாரி பார்த்தார். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வரைபடம் போதும் என்று நம்பினார். நம்ம ஊரில் கைவேலை எங்கும் காணாமல் போகவில்லை. அடுத்த தெருவில் ஆசாரி இருக்கிறார். நாம் உளியைத் தொடாததற்குக் காரணம் ஆலை இல்லை. அது இன்னாருடைய வேலை என்று பிறப்பிலேயே பங்கு போட்டு வைத்ததுதான்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர் ராஜாஜி. முதலமைச்சராக 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: தினம் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். கையால் கற்பது நல்லது என்ற எண்ணம் அதில் இருந்தது. ஆனால் கிராமத்தில் அப்பன் தொழில் என்றால் சாதித் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதனாலேயே, ஆசாரி வீட்டில் பிறக்காத ஒருவர் விருப்பப்பட்டு உளி எடுப்பதைக் குலக்கல்விக்கு நேர் எதிரான காரியமாகப் பார்க்கிறேன். ஒரு நிபந்தனையோடு. எழுத்து வேலை பார்க்கிறவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக மட்டும் அது நின்றுவிடக் கூடாது.

பழைய தேக்கு நாற்காலி ஒன்றைச் சரிபண்ண உட்கார்ந்தபோது, எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாரி ஒருவர் புதுசாக எதையும் செய்யவிடவில்லை. "மொதல்ல பிரிச்சுப் பாருங்க. பிரிக்கறப்பத்தான் செஞ்சவரு என்ன நெனச்சாருன்னு தெரியும்" என்றார். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்ததும் பின்கால் கழன்று கையோடு வந்தது. கழுந்து சுருங்கித் துளையில் லொடலொடத்திருந்தது. மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டி, இழைத்து, மறுபடி இறுக்கினோம். மரம் உடையவே இல்லை, பிடிமானம் மட்டும்தான் போயிருந்தது.

மெருகும் அப்படித்தான். உப்புத்தாளை 80, 120, 220 என்று வரிசையாகப் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் நனைத்துப் பல தடவை தேய்க்க வேண்டும். புதுப் பூச்சு பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அதனால் தப்பு நடந்தாலும் அதே இடத்தில் திருத்தலாம். ஈரம் பட்டால் வெள்ளைத் தடம் விழும் என்பது அரக்கின் பலவீனம். பி.யூ. பூச்சு தண்ணீரைத் தாங்கும். ஆனால் கீறல் விழுந்தால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும். கற்கிறவருக்கு அரக்கே நல்லது.

பிரிக்கக்கூடிய பொருள்தான் கற்றுக்கொடுக்கும் என்பது நமக்குப் புதுசு இல்லை. கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை வீட்டுக்காரரே இழுத்துக் கட்டிக்கொள்கிறார். நாமக்கல்லில் கட்டும் லாரி பாடியில் ஒரு பலகை போனால் போல்ட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்றுவார்கள். இரண்டிலும் சட்டம் போட்டவர் வேறு, பராமரிக்கிறவர் வேறு. ஆனாலும் பராமரிக்கிறவருக்கு வழி விட்டே செய்திருக்கிறார்கள்.

இதோடு தட்டைப் பெட்டியில் வரும் சாமானை ஒப்பிடலாம். ஐக்கியா 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோது, வீட்டுக்கு வந்து பூட்டிக்கொடுக்கும் சேவையையும் சேர்த்தே கொடுத்தது. தானே பூட்டுவது என்ற உலகப் பழக்கம் இங்கே வந்ததும் கூலி வேலையாக மாறிப்போனது. சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். படம் பார்த்துத் திருகை முடுக்குவதில் கற்க அதிகம் இல்லை. துகள் பலகையில் ஒரு தடவை கழற்றிய திருகு மறுபடி அவ்வளவாகப் பிடிக்காது. பிரித்துப் பார்க்கும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

ஆக, மாரியைப் படியுங்கள். ஆனால் அவர் வரைபடத்தில் சொல்லிக்கொடுப்பவருக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். இங்கே அந்த அறிவு காகிதத்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. வேலை செய்ய ஆசாரிக்குக் கூலி கொடுக்கிறோம். சொல்லிக்கொடுக்கவும் அதே நாள்கூலியைக் கொடுக்கலாம். ஒரு பழைய நாற்காலி, அவருடைய இரண்டு நாள், கொஞ்சம் அரக்கு இருந்தால் ஆரம்பிக்கலாம்.